காயில் செக்ஷன் பெண்கள் அறுத்த வயல்

கம்பெனி கேட்டில் பூட்டுத் தொங்கிய அந்த வருடம் எனக்கு வீட்டில் உட்காரவே முடியவில்லை. எண்பதுகளின் பிற்பாதி. அம்பத்தூர் எஸ்டேட்டில் மோட்டார் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில், செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். அங்கே பெண்கள் மட்டும்தான். காயில் செக்ஷன் என்றால் நாங்கள்தான். சம்பளப் பேச்சு முறிந்து, ஒருநாள் காலை வழக்கம்போல் டிபன் பாக்ஸோடு போய் நின்றபோது கதவு சாத்தியிருந்தது. காவலாளி எங்கள் முகத்தைப் பார்க்காமல், லாக் அவுட் என்று மட்டும் சொன்னார்.

நான் அண்ணன் வீட்டில் இருந்தேன். அண்ணனுக்கு ஆவடியில் பாதுகாப்புத் தொழிற்சாலையில் வேலை. விருதுநகர்ப் பக்கத்து ஊரிலிருந்து முதலில் அவர் வந்தார், பிறகு அண்ணி வந்தார், கடைசியாக நான். குவார்ட்டர்ஸில் எல்லா வீடும் ஒரே அச்சு. காலையில் சைரன் ஊதி ஆண்களெல்லாம் சைக்கிளில் கிளம்பிப் போனதும் தெருவில் ஓர் அமைதி வந்து இறங்கும். அந்த அமைதி எனக்கு ஆகவில்லை. பெருக்கிய அறையையே மறுபடி பெருக்குவேன். அலமாரியிலிருந்து பாத்திரங்களை இறக்கித் துடைத்து, இருந்த இடத்திலேயே திரும்ப வைப்பேன்.

"உக்காரு தாயி. நீ நடக்குறதைப் பாத்துப் பாத்து எனக்குத் தலை சுத்துது" என்பார் அண்ணி. கோபமாக அல்ல, நிஜமாகவே தலை சுற்றியிருக்கும்.

இரண்டு நாளைக்கு ஒருமுறை பஸ் பிடித்து எஸ்டேட்டுக்குப் போய் அந்தப் பூட்டைப் பார்த்துவிட்டு வருவேன். பூட்டில் பார்க்க என்ன இருக்கிறது? ஆனால் பார்க்காவிட்டால் தூக்கம் வராது.

அப்படி ஒருநாள் கேட் முன்னால் நின்றபோதுதான் என் தோழி வந்தாள். செக்ஷனில் என் பக்கத்து மிஷின் அவளுடையது. பூந்தமல்லிக்காரி. அவளுடைய அத்தாவுக்கு, அதாவது அப்பாவுக்கு, நசரத்பேட்டையில், பெங்களூர் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி, இரண்டு ஏக்கருக்குக் கொஞ்சம் குறைவாக நிலம் இருந்தது. கிணற்றுப் பாசனம்.

"சும்மா ரோட்ல நின்னுகினு இருக்கறதுக்கு எங்க வயலுக்கு வாடி. களையாவது எடுக்கலாம்" என்றாள்.

போனேன். ஒருநாள் போய்வரலாம் என்றுதான் போனேன். பிறகு வாரத்தில் பாதி நாள் அங்கேயே இருந்தேன்.

அந்த வயலுக்குச் சுற்றுவட்டாரத்தில் ஒரு பெயர் இருந்தது: மருந்தடிக்காத பாய் வயல். இப்போது இயற்கை விவசாயம் என்று மரியாதையாகச் சொல்கிறோம். அன்று அந்தப் பெயரில் பாதி கேலிதான். காரணம் இதுதான். அதற்கு முந்தைய வருடம் அத்தா நெல்லுக்குப் பூச்சிமருந்து அடித்துக்கொண்டிருந்தபோது காற்றுத் திரும்பியது. அவர் மூக்கில் துணி கட்டும் பழக்கமில்லாதவர். வரப்பிலேயே விழுந்துவிட்டார். ரோட்டில் போன ஒரு லாரிக்காரர்தான் தூக்கிக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் சேர்த்தார். பிழைத்து வந்தார். ஆனால் அதற்குப் பிறகு ஒரு டம்ளரைத் தூக்கினால்கூட வலது கை நடுங்கும். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றே என் தோழி தெளிப்பானைத் தூக்கிப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்தாள். இனி நம் நிலத்தில் மருந்து இல்லை என்றாள். அத்தா சரியென்று சொல்லிவிட்டார். மனசு ஒப்பிச் சொன்னாரா என்று எனக்குச் சந்தேகம். பிழைத்துவந்த மனிதர் வேறென்ன சொல்வார்?

நான் போக ஆரம்பித்தபோது சொர்ணவாரிப் பட்டத்து நெல் முழங்கால் உயரம் நின்றது. கோடையில் ஆட்டுக்கிடை போட்டு, எருக்கும் புங்கந்தழையும் மிதித்து நட்ட பயிர். நான் கரிசல்காட்டுக்காரி. பருத்தி எடுத்திருக்கிறேன், மிளகாய் பறித்திருக்கிறேன். சேற்றில் கால் வைத்ததில்லை. முதல்நாள் சேறு கணுக்கால் வரை இழுத்துப் பிடித்தபோது, இத்தனை நாளில் முதல் தடவையாக என் கால்கள் ஓர் இடத்தில் நின்றன என்று தோன்றியது. அதுவும் கொஞ்ச நேரத்துக்குத்தான்.

எனக்குப் பின்னால் செக்ஷனிலிருந்து மற்றவர்களும் வர ஆரம்பித்தார்கள். கள்ளிக்குப்பத்திலிருந்து ஓர் அக்கா வந்தார். எங்களில் மூத்தவர். வீட்டுக்காரருக்கு நெஞ்சுச் சளி, இரண்டு பிள்ளைகள், அக்காவின் சம்பளத்தில்தான் வீடு ஓடியது. இன்னும் நாலைந்து பேர். களை எடுப்போம், வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைப்போம், மத்தியானம் மோட்டார் கொட்டகை நிழலில் அவரவர் சோற்றைத் திறந்து நடுவில் வைப்போம். ஒருத்தி கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பு எல்லார் தட்டுக்கும் போகும். பேச்சு எங்கே தொடங்கினாலும் கம்பெனியில்தான் வந்து முடியும். திறப்பார்களா, எப்போது திறப்பார்கள், யாரை எடுப்பார்கள். கையில் களை இருக்கும், காது ரோட்டுப் பக்கமே இருக்கும். யாராவது சைக்கிளில் வந்தால் எல்லாரும் நிமிர்ந்து பார்ப்போம்.

கதிர் பால் பிடித்து முற்றத் தொடங்கியபோது புகையான் விழுந்தது. தூரில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும் சின்னப் பூச்சி. மேலே நின்று பார்த்தால் ஒன்றும் தெரியாது. ஒரு காலையில் பார்த்தால் வயல் நடுவில் நெருப்பு வைத்ததுபோல் வட்டமாகக் கருகியிருக்கும். மறுநாள் இன்னொரு வட்டம்.

அத்தாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. வரப்பில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடந்துகொண்டே இருந்தார். பக்கத்து வயல்காரர், உன் வயலிலிருந்துதான் எனக்கு ஏறுகிறது என்று வரப்பில் நின்று சத்தம் போட்டுவிட்டுப் போனார். அன்று சாயங்காலம், கொட்டகையில் நான் வேப்பங்கொட்டைத் தண்ணீரை வடிகட்டிக்கொண்டிருந்தபோது, அத்தா மகளிடம் மெதுவாகக் கேட்டார்.

"ஒரே ஒரு தபா அடிச்சிடலாம்மா. அறுப்பு வரைக்கும் தாங்கினா போதும். அப்புறம் நீ சொல்றபடி."

என் தோழி கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தாள்.

"சரி அத்தா, அடிக்கலாம். ஆனா நீங்க ஊட்ல இருங்க. நான் அடிக்கறேன்."

"நீயா?"

"ஆமா. உங்களுக்கு ஆனது எனக்கு ஆவாதுன்னு நெனச்சா, காலைல மருந்தும் வாடகைக்கு ஸ்ப்ரேயரும் வாங்கியாந்து குடுங்க. நான் கட்டினு போய் அடிக்கறேன்."

அவர் மகளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மடையைத் திறந்துவிட்டார். தேங்கிய தண்ணீர் வடிந்தால் பூச்சி கொஞ்சம் மட்டுப்படும். மறுநாளிலிருந்து நாங்கள் பயிரை நடுநடுவே விலக்கி, வெயிலும் காற்றும் தூர் வரை போகும்படி வழி விட்டோம். வேப்பங்கரைசலைக் கையால் தெளித்தோம். புதிய வட்டங்கள் குறைந்தன, ஆனால் நிற்கவில்லை. ஒவ்வொரு காலையும் பஸ்ஸிலிருந்து இறங்கி வயல் கண்ணில் படும் வரை ஓட்டமும் நடையுமாகப் போவேன்.

ஆவணி பிறந்திருந்தது. பகலெல்லாம் கொளுத்தும், சாயங்காலமானால் மேற்கே கறுத்துக்கொண்டு வரும். இடி இடித்துவிட்டுச் சில நாள் பெய்யும், சில நாள் பெய்யாமல் போகும். கதிர் பழுத்துத் தலை சாய்ந்துவிட்டது. ஒரு காற்றுக்குக் கிழக்கு மூலையில் ஒரு பகுதி படுத்தேவிட்டது. அறுப்புக்கு எப்போதும் ஆள் கூட்டிவரும் அம்மாள் வந்து பார்த்தார். வெற்றிலையைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு வயலைச் சுற்றி நடந்தார்.

"பாய், ரெண்டு பேருக்கு மேல என்னால தர முடியாது" என்றார். "மீதிப் பேரெல்லாம் வேலப்பன்சாவடில காலேஜு கட்றாங்கல்ல, அங்க சித்தாளா போய்க்கினு கீறாங்க. நெழல்ல வேல, டீ வேற தர்றாங்களாம். சேத்துல குனிய யாரு வருவா?"

அத்தா வானத்தைப் பார்த்தார்.

"நாங்க அறுக்கறோம்" என்றாள் என் தோழி.

அந்த அம்மாள் எங்களை வரிசையாகப் பார்த்தார். கள்ளிக்குப்பத்து அக்கா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்றார். எனக்குக் கதிர் அரிவாளை எப்படிப் பிடிப்பதென்றே தெரியாது.

"கம்பி சுத்தற கையிங்களா அறுக்கப் போவுது" என்று சிரித்தார். "சரி, விடிஞ்சதும் வந்துடுங்க. கைய வெட்டிக்கினு என்னிய சொல்லாதீங்க."

மறுநாள் காலை நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். பனி காய்ந்ததும் இறங்கினோம். அரை மணி நேரத்தில் என் இடது கைச் சுண்டுவிரலில் இரத்தம். துணி சுற்றிக்கொண்டு மறுபடி குனிந்தேன். கதிரைப் பிடியாகச் சேர்த்து அடியில் இழுக்க வேண்டும். நான் இழுத்தால் பாதி அறுபடும், பாதி வேரோடு வரும். முதுகு மத்தியானத்துக்குள் என்னுடையதாக இல்லை. அந்த அம்மாளும் அவரோடு வந்தவரும் எங்களுக்கு முன்னால் எங்கோ போய்விட்டார்கள். படுத்துக் கிடந்த மூலையில் வேலை இன்னும் மெதுவாக நடந்தது. ஈரத்தில் கிடந்த கதிர்கள் சில முளை கட்டத் தொடங்கியிருந்தன. அன்று சாயங்காலம் வயலில் பாதிதான் முடிந்திருந்தது. மேற்கே இடித்துக்கொண்டே இருந்தது, பெய்யவில்லை.

இரண்டாம் நாள் மத்தியானச் சோற்றுக்கு உட்காரப் போகும் நேரம், ரோட்டிலிருந்து வரப்பு வழியாக ஒருவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். எல்லாரும் நிமிர்ந்தோம். என் அண்ணன்தான். அரை நாள் லீவு சொல்லிவிட்டு ஆவடியிலிருந்து நேராக மிதித்திருக்கிறார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அவருக்குத் தெரிந்த ஒருவர் எஸ்டேட்டிலிருந்து செய்தி கொண்டுவந்தாராம்.

"நாளைக்குக் காலைல எட்டு மணிக்குக் கேட்டைத் தெறக்கிறாங்களாம்" என்றார். "ஒழுங்கா வேல பாப்போம்னு எழுதிக் குடுத்துட்டு உள்ள போகலாமாம். நாளைக்கு வராதவுக இனிமே வரவே வேண்டாம்னு அர்த்தமாம்."

எத்தனை நாள் காத்திருந்த செய்தி. சந்தோஷப்பட வேண்டும் என்று எனக்குத் தெரிந்தது. ஆனால் நான் முதலில் பார்த்தது மேற்கு வானத்தைத்தான். பிறகு அறுக்காமல் நின்ற நெல்லை. பிறகு என் தோழியை.

"நான் போவணும்டி" என்றார் கள்ளிக்குப்பத்து அக்கா. "என் ஊடு அதுலதான் நிக்குது. உனக்குத் தெரியும்."

"போங்கக்கா. எல்லாரும் போங்க. இதுக்கோசரம் யாரும் வேலைய உடக் கூடாது" என்றாள் என் தோழி.

"நீ?" என்று கேட்டேன்.

"அறுத்தது களத்துல கெடக்கும்போது அத்தாவ தனியா உட்டுட்டு நான் எங்க போவேன்? எனக்கும் சேத்துக் கேட்டுக்கினு வா."

"உனக்கும் சேத்து எப்படிடி கேக்க? நேர்ல வந்தாத்தான்னு சொல்றாங்க."

அத்தா கொஞ்சம் தள்ளி நின்று கேட்டுக்கொண்டிருந்தார். கிட்டே வந்து, "நீயும் போம்மா. நெல்லு போனா போவுது" என்றார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அவளுக்குத் தாங்கவில்லை. முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அக்காதான் முதலில் எழுந்தார். சோற்று டப்பாவை மூடி ஓரமாக வைத்தார்.

"நாளைக்கித்தான எட்டு மணி? இன்னிக்குப் பொழுது இன்னும் கெடக்குது. வாங்கடி."

சாப்பிடாமல் இறங்கினோம். அண்ணன் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டார். எனக்குத் தெரிந்து ஊரை விட்டு வந்தபின் அவர் அரிவாள் தொட்டதில்லை. அறுக்க வேண்டாம், கட்டுத் தூக்கினால் போதும் என்று அந்த அம்மாள் அவரை அனுப்பிவைத்தார். அறுத்ததைக் கட்டினோம், கட்டியதைத் தலையில் ஏற்றினோம், களத்துக்கும் வயலுக்குமாக ஓடினோம். யாரும் கம்பெனியைப் பற்றிப் பேசவில்லை. கைகள் எரிந்தன. காற்று ஈரமாக மாறியபோது கடைசி மூலையில் இருந்தோம். கடைசிக் கட்டுகளைக் களத்தில் போட்டு மேலே தார்ப்பாயை இழுத்து மூடி, ஓரங்களில் கல் வைத்துக்கொண்டிருக்கும்போதே பெரிய பெரிய துளிகளாக விழுந்தது. தார்ப்பாய் போதவில்லை. ஒரு பக்கத்துக் கட்டுகள் திறந்தே இருந்தன. அத்தா கொட்டகையிலிருந்து ஜமுக்காளத்தைக் கொண்டுவந்து அதன்மேல் போட்டார். அது நொடியில் நனைந்தது. நாங்கள் பஸ் ஸ்டாப்புக்கு ஓடினோம்.

மறுநாள் ஏழரைக்கே கேட் முன்னால் நின்றோம். என் தோழி வரவில்லை. பூட்டு இல்லை. எட்டு மணிக்கு ஓர் ஆபீசர் வந்து மிஷின் ஷாப் ஆண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார். எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே போனார்கள். சிலர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள், சிலர் பார்க்கவில்லை. பிறகு கேட்டை இழுத்துச் சாத்தினார்கள்.

அக்கா கம்பிக்குள் கையை விட்டு ஆபீசரைக் கூப்பிட்டார். "சார், காயில் செக்ஷன்."

"உங்க செக்ஷன் இப்ப இல்லம்மா. சொல்லி அனுப்புவோம்."

"எப்ப சார்?"

அவர் போய்விட்டார். வெயில் ஏறும் வரை நின்றோம். அக்கா ரோட்டோரம் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அழுவார் என்று நினைத்தேன். அழவில்லை. உள்ளங்கைக் கொப்புளங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நேத்து நனைஞ்ச கட்டு சூடேறிப் போயிடும்ல?" என்றார். "பிரிச்சுப் போட்டாளோ இல்லியோ. அவ ஒத்தையா கீறா."

அங்கிருந்து நேராகப் பூந்தமல்லி பஸ் ஏறினோம்.

அன்று வெள்ளிக்கிழமை. அத்தா தொழுகைக்குப் போயிருந்தார். களத்தில் என் தோழியும் அந்த அம்மாளும் நனைந்த கட்டுகளைப் பிரித்து வெயிலில் பரப்பிக்கொண்டிருந்தார்கள். வேலைக்குப் போயிருக்க வேண்டியவர்கள் வரிசையாக வரப்பில் வருவதைப் பார்த்ததும் என் தோழிக்குப் புரிந்துவிட்டது. நகர்ந்து இடம் விட்டாள்.

காய்ந்த கட்டுகளை அடிக்க ஆரம்பித்தோம். சாய்த்து வைத்த பலகையில் கதிரைப் பிடியாகப் பிடித்து ஓங்கி அடித்தால் நெல் சிதறிக் கொட்டும். அறுக்கத் தெரியாத எனக்கு அடிக்க வந்தது. அன்று காலையிலிருந்து உடம்புக்குள் அடைத்துக்கொண்டு நின்ற எல்லாமே தோள் வழியாக இறங்கியது. பக்கத்தில் அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தார். ஒவ்வோர் அடிக்கும், "சொல்லி அனுப்புவியா, சொல்லி அனுப்புவியா" என்று முணுமுணுத்தது எனக்குக் கேட்டது.

"மெதுவாம்மா" என்றார் அறுப்புக்கார அம்மாள். "பலவ இன்னா பண்ணுச்சு உன்னிய?"

அக்கா நிறுத்தி அவரைப் பார்த்தார். பிறகு சிரிப்பு வந்துவிட்டது. எங்களுக்கும் வந்துவிட்டது. நிற்க முடியாமல் வைக்கோலில் உட்கார்ந்து சிரித்தோம். அத்தா பள்ளிவாசலிலிருந்து திரும்பியபோது நாங்கள் அந்தக் கோலத்தில்தான் இருந்தோம். அவர் வந்த வழியே திரும்பிப் போய் பஜாரிலிருந்து பொட்டலம் பொட்டலமாகப் பரோட்டா வாங்கிக்கொண்டு வந்தார்.

விளைச்சல் குறைவுதான். படுத்த மூலையில் பாதி முளைத்துப் போயிருந்தது, கருகிய வட்டங்களில் பதர். மருந்தடித்த பக்கத்து வயலிலும் வட்டங்கள் விழுந்தன என்பது அத்தாவுக்கு ஓர் ஆறுதல். அதை வெளியே சொல்லமாட்டார், அந்தப் பக்கம் பார்த்துவிட்டுத் தாடியைத் தடவிக்கொள்வார். அறுத்த எல்லாருக்கும் நெல் பங்கு கொடுத்தார். எங்கள் பங்கை அரைத்துக்கொண்டுவந்து அண்ணி சோறு வடித்தார். கல் நிறைய இருக்கிறது என்றார். பிறகு இரண்டாம் முறை போட்டுக்கொண்டார்.

கம்பெனி இரண்டு மூன்று மாதம் கழித்துச் சொல்லி அனுப்பியது, பாதிப் பேருக்கு. என்னைக் கூப்பிட்டார்கள், என் தோழியைக் கூப்பிட்டார்கள். அக்காவைக் கூப்பிடவில்லை. என் தோழி போகவில்லை. அக்காவைக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு அடுத்த போகத்துக்கு நாற்று விட்டாள். நான் போனேன். மிஷின் முன்னால் உட்கார்ந்த முதல்நாள் பக்கத்து ஸ்டூலில் யாரோ புதுப் பெண். கம்பி சுற்றிக்கொண்டே இருந்தது. என் கால்கள் மேசைக்கடியில் நிற்காமல் ஆடிக்கொண்டிருந்தன. சூப்பர்வைசர் இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் வயலுக்குப் போவதை நான் விடவில்லை. தொண்ணூறுகளில் எனக்குக் கல்யாணமாகி, கைக்குழந்தையோடு அம்பத்தூரில் குடியிருந்த காலத்திலும் அறுப்புக்கு லீவு போட்டுவிடுவேன். ரோட்டோர நிலங்கள் ஒவ்வொன்றாக மனையாகிக்கொண்டிருந்தன. அத்தாவிடமும் வந்து கேட்டார்கள். மகளைக் கேளுங்கள் என்று அனுப்பிவிடுவார். அவள், அறுப்பு முடியட்டும் என்று சொல்லி அனுப்பிவிடுவாள். அறுப்பு முடிந்தால் அடுத்த நடவு.

அப்போது ஆள் கூட்டிவருவது அக்கா. இடுப்பில் வெற்றிலைப் பை வேறு. ஒருமுறை குழந்தையை அத்தாவின் மடியில் விட்டுவிட்டு நான் இறங்கி, வேகமாக ஒரு வரிசை அறுத்துவிட்டு நிமிர்ந்தேன். அவர் பின்னாலேயே வந்து நான் விட்டுவந்த அடித்தாளைப் பார்த்தார்.

"இன்னாடி இது, பாதி வைக்கோல நெலத்துலயே உட்டுட்டு வர்ற? மாட்டுக்கு உங்க சூப்பர்வைசரா வந்து போடுவான்? குனிஞ்சி அறு."

குனிந்தேன்.